திம்பம் மலை ஏறிய மிட்ஜெட்: கணபதியில் ரேடியேட்டர் கோர் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் உருவான 1969ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் கார். 1,275 சி.சி. ஏ-சீரிஸ் என்ஜின், இரண்டே இருக்கை, முக்கால் டன்னுக்கும் குறைவான எடை. மார்கழி விடியலில் அவிநாசி சாலையில் ஓட்டும்போது அதைவிட இனிய வண்டி வேறில்லை என்று தோன்றும். பங்குனி பிறந்துவிட்டால் காந்திபுரம் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே நீரின் வெப்பம் ஏறத் தொடங்கும். மூன்று கோடைகளாக இப்படித் தவித்த பிறகு, கோயம்புத்தூர் கணபதியில், சத்தி சாலையிலிருந்து உள்ளே செல்லும் ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத சிறிய ரேடியேட்டர் பட்டறையில் இந்த ஆண்டு வேலையை ஒப்படைத்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு இணையவழியாக ஓர் அலுமினிய ரேடியேட்டரை வாங்கிப் பொருத்தியிருந்தேன். பார்வைக்குப் பளபளப்பாக இருந்தது. ஆனால் மேல் தொட்டியின் பற்றவைப்பு ஆறே மாதத்தில் கசியத் தொடங்கியது, வெப்பமும் குறையவில்லை. அதையும் பழைய செம்புப் பித்தளை ரேடியேட்டரையும் சேர்த்தே பட்டறைக்குக் கொண்டு சென்றேன். பட்டறைக்காரர் இரண்டையும் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, வண்டியின் முகப்பைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, ரேடியேட்டர மாத்தறதுக்கு முன்னால காத்து எதுவழியா போகுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு அந்த ஒரு கேள்வியே போதுமான காரணம்.

முன்கிரில் வழியாக நுழையும் காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே தேடிச் செல்லும். ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், ரேடியேட்டரின் அடர்ந்த ஃபின்களை, அதாவது மெல்லிய உலோகத் தகடுகளை, ஊடுருவிச் செல்லாமல் காற்று அந்த வழியாகவே நழுவிவிடும். என் வண்டியில் இரு பக்கமும் மேல்புறமும் அப்படித்தான் திறந்து கிடந்தன. தொழிற்சாலையில் ஒட்டிய ரப்பர் பட்டைகள் எந்தக் காலத்திலோ உதிர்ந்துபோயிருந்தன. இதற்கு மேல், என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபேனைச் சுற்றிக் கூடு எதுவும் இல்லாததால், அது முன்னாலிருந்து காற்றை இழுப்பதற்குப் பதிலாக என்ஜின் அறையின் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருந்தது. எத்தனை பெரிய ரேடியேட்டரை வைத்தாலும் இந்தக் குறை தீராது என்பதை அவர் ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டரின் முன்னால் பிடித்தே காட்டினார்: நடுவில் காகிதம் ஒட்டிக்கொண்டது, மூலைகளில் அசையவே இல்லை. தகரத்தில் வளைத்துச் செய்த ஃபேன் கூடும், நான்கு விளிம்புகளிலும் ஒட்டிய அடர்ந்த ஃபோம் பட்டையும்தான் இந்த வேலையிலேயே விலை குறைந்தவை. பலன் மிகுந்தவையும் அவைதான்.

அடுத்தது நீரின் வழி. பழைய ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழற்றியபோது நீர் ஓடும் டியூப்களில் பாதிக்கு மேற்பட்டவை வெள்ளை உப்பால் அடைந்திருந்தன. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், வண்டிக்கு மட்டும் கைக்குக் கிடைத்த போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம்; அதிலுள்ள சுண்ணாம்பு கொதிகெண்டியில் படிவது போலவே என்ஜினுக்குள்ளும் படிந்து, உலோகத்திலிருந்து நீருக்கு வெப்பம் செல்வதைத் தடுக்கிறது. என்ஜின் பிளாக்கின் பின்பக்க வடிகுழாயைக் கழற்றிய பின்னும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகுதான் நான்காம் சிலிண்டரை ஒட்டித் தேங்கியிருந்த துருச்சேறு வெளியே வந்தது. மோட்டார் பம்புகளுக்குப் பெயர்பெற்ற ஊரில் நீரோட்டத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

டியூப்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதியான கோருக்கு அவர் செம்பையே பரிந்துரைத்தார். அலுமினியத்தைவிடச் செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆயினும் அகன்ற டியூப்களும் குறைந்த எடையும் அலுமினியத்தின் பலம் என்பதால், செம்புதான் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய தொட்டிகளை அப்படியே பயன்படுத்தலாம், நாளை கசிந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம் என்ற இரண்டு காரணங்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

என்ஜின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு. அப்படிச் செய்தால் என்ஜின் சமதளத்தில் உரிய சூட்டை அடையாமலே ஓடித் தேய்மானம் கூடும். இங்கே புதிய 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினார்கள். ரேடியேட்டரில் 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடிக்குப் பதிலாக 15 பவுண்டு மூடியும் போட்டார்கள். அந்த அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 121 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி கொதிப்பைத் தள்ளிப்போடுமே தவிர வெப்பத்தைக் குறைக்காது. அழுத்தமும் கூடுவதால், பழைய ஹோஸ்களை (நீர்க்குழாய்களை) மாற்றாமல் மூடியை மட்டும் மாற்றக் கூடாது.

மின்விசிறி வைத்துத் தரும்படி நானே கேட்டேன். என் வண்டியில் இருப்பது 22 ஆம்பியர் லூக்காஸ் டைனமோ. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அது தரும் மின்சாரம் மிகக் குறைவு. விசிறி தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். மெதுவான ஓட்டத்திலும் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறிய பிறகு வாருங்கள் என்று பட்டறைக்காரர் சொல்லி, வந்த வருமானத்தை வேண்டாமென்று விட்டார்.

சித்திரை மாத நண்பகலில் பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்த்தேன். முதல் இரண்டு கியர்களில், என்ஜின் முழுச் சுமையில், முகத்தில் அடிக்கும் காற்றே இல்லாமல் ஏறும் அந்தச் சாலைதான் உண்மையான சோதனை. ஒன்பதாவது வளைவில் திரும்ப முடியாமல் நின்ற லாரிக்குப் பின்னால் கால் மணி நேரம் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்தபோது 94 டிகிரி காட்டியது. சென்ற ஆண்டு இதே மலையின் ஐந்தாவது வளைவிலேயே 108ஐத் தாண்டி, வண்டியை ஓரங்கட்ட நேர்ந்தது. லாரி நகர்ந்து வண்டி ஓடத் தொடங்கியதும் வெப்பம் தானாக இறங்கியதுதான் எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது.

குறைகளும் உண்டு. நான்கு நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் ஆனது. நான்கு முறை நேரில் சென்றுதான் நிலவரத்தை அறிய முடிந்தது. கோரின் மேல் கறுப்புப் பெயின்டைத் தேவைக்கு மேல் தடிப்பாக அடித்திருந்தார்கள். அதுவும் வெப்பத்துக்கு ஒரு போர்வைதான் என்பதால் மெல்லிய பூச்சாக மாற்றிக் கேட்டு வாங்கினேன். எழுத்தில் உத்தரவாதம் இல்லை, ரசீதும் கேட்டால்தான் வரும். கோர், கூடு, கழுவுதல், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய் ஆனது. கசிந்த அலுமினிய ரேடியேட்டருக்கு நான் கொடுத்த விலையைவிட இது குறைவு.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் வேலையை இவர்கள் செய்வதில்லை. இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை மெலிந்து என்ஜின் சூடேற அதுவும் காரணமாகலாம் என்பதால், எஸ்.யு. கார்புரேட்டரைச் சற்றுச் செறிவாக்கி, இக்னிஷன் டைமிங்கையும் சரிபார்த்த பிறகு ரேடியேட்டரை இவர்களிடம் கொண்டு செல்வது நல்லது. தை, மாசியில் சென்றால் காத்திருப்பும் குறையும். பங்குனி பிறந்ததும் அந்தச் சந்து முழுவதும் டிராக்டர் ரேடியேட்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன.