ஹார்டரா, ஆர்ம்ஸ்ட்ராங்கா? இரண்டு பல்கலைக்கழகக் கால்பந்து மைதானங்கள்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பார்க்க ஒரே ஒரு மைதானத்துக்குத்தான் போகலாம் என்றால், என் ஓட்டு கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவுக்கு. ஆனால் கோப்பைக் கணக்கு வேறு கதை சொல்கிறது.

சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹார்டர் ஸ்டேடியம் 1966-இல் திறக்கப்பட்டது, அதுவும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்காக. ஸ்பட் ஹார்டர் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளரின் பெயர்தான் அதற்கு. 1990-களின் தொடக்கத்தில் அந்த விளையாட்டையே பல்கலைக்கழகம் கைவிட்டது. சுமார் 17,000 பேர் அமரும் அரங்கம் அப்புறம் கால்பந்தின் வீடானது. 2006-இல் அணி தேசியக் கோப்பையை வென்றது. 2010-இல் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 16,000 பேர் வந்தார்கள். கல்லூரிக் கால்பந்தில் அது அபூர்வமான கூட்டம்! கோல் விழுந்தால் மாணவர்கள் மைதானத்துக்குள் டார்ட்டியா ரொட்டிகளை வீசுவார்கள். நடுவர்களுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். 2010, 2018 ஆண்டுகளின் தேசிய இறுதிச்சுற்றும் இங்கேதான் நடந்தது.

புளூமிங்டன் நகரில் இருக்கும் இந்தியானா பல்கலைக்கழகத்தின் பில் ஆர்ம்ஸ்ட்ராங் ஸ்டேடியம் 1981-இல் வந்தது. இருக்கைகள் 6,500 தான். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள ஓடுபாதையில் 'லிட்டில் 500' சைக்கிள் பந்தயம் நடக்கும். ஆண்களுக்கு 200 சுற்று. அந்தப் பாதையால் பார்வையாளர் சற்றுத் தள்ளித்தான் உட்கார வேண்டும்.

சரி, சாதனை? இந்தியானாவிடம் 8 தேசியக் கோப்பைகள். அதில் 6, ஜெரி யேக்லியின் பயிற்சியில் வந்தவை. ஆடுகளமே இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஆட்டத்தின் தரம்தான் முக்கியம் என்பவர்கள் புளூமிங்டனுக்கே போகலாம்.