புது விசுவாசிக்கு எந்த பைபிள் வாங்கலாம்? கொஞ்சம் நீளமான ரிவ்யூ

ஞானஸ்நானம் எடுத்தவருக்கு அன்றைக்கு வந்து சேரும் பரிசுகளைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பு ஜிப் பைபிள் ஒன்று, சில சமயம் இரண்டு, வசனம் எழுதிய ஃபிரேம், சாவிக்கொத்து, கூடவே ஒரு வாக்குத்தத்தப் பெட்டி, அதாவது தினம் ஒன்று எடுத்து வாசிக்க வசன அட்டைகள் போட்ட பெட்டி. எல்லாம் அன்போடு கொடுப்பதுதான். ஆனால் ஆறு மாசம் கழித்து அதே ஆளிடம் "எதுவரைக்கும் வாசிச்சிருக்கீங்க?" என்று கேட்டால், ஆதியாகமத்தை ஆர்வமாக முடித்துவிட்டு, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்குப் பலகை, திரை, கொக்கி என்று முழக்கணக்கு வர ஆரம்பிக்கும் இடத்தில் நின்றிருப்பார். பிடிவாதக்காரர் என்றால் லேவியராகமம் வரை.

எங்கள் சபையில் புதிதாக வருகிறவர்களுக்கு பைபிள் வாங்கிக் கொடுப்பதும், முதல் சில மாதம் கூட உட்கார்ந்து வாசிப்பதும் என் வேலை. அதனால் கடையில் கிடைக்கும் பதிப்புகள், போனில் கிடைக்கும் ஆப், எது ஓடுகிறது, எது அலமாரிக்குப் போகிறது என்று ஓரளவு தெரியும். அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன், பைபிள் அறிஞர் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் எல்லோரும் வாங்கும் ஓ.வி., அதாவது பழைய மொழிபெயர்ப்பு. இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடுவது. ஹென்றி பவர் தலைமையில் செய்யப்பட்டு 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு இது. நூற்றைம்பது வருஷம் தாண்டியும் சிஎஸ்ஐ ஆனாலும் பெந்தெகொஸ்தே ஆனாலும் மேடையில் வாசிப்பது இதைத்தான், ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்வது இதைத்தான், கல்லறையில் பொறிப்பதும் இதைத்தான். காரணம் இருக்கிறது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், மூச்சு விடும் இடமெல்லாம் சரியாக வந்து விழும். ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் போகாது. சங்கீதம் 23-ஐ வேறு எந்தத் தமிழில் படித்தாலும் எனக்கு ஏதோ உப்புக் குறைந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்தச் சுகமெல்லாம் சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகிய காதுக்கு. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வீட்டில் முதல் ஆளாக இயேசுவை ஏற்றுக்கொண்டவன், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று வாசித்துவிட்டு, "தாழ்ச்சின்னா என்னங்ணா, நம்மள யாரும் தாழ்வா நடத்த மாட்டாங்கன்னா?" என்று கேட்டான். குறைவு, தேவைக்கு இல்லாமை என்று விளக்கியதும் சரி என்றான், ஆனால் அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது, ஏனென்றால் அவன் எடுத்துக்கொண்ட அர்த்தம் அந்த வாரம் அவனுக்குத் தேவைப்பட்டிருந்தது போல. சங்கீதத்திலேயே இப்படி என்றால் ரோமர் நிருபத்தை, அதாவது ரோமாபுரி விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய கடிதத்தை, நினைத்துப் பாருங்கள். "எந்த மனுஷனும் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே தேவனுக்கு முன்பாக நீதிமானாக்கப்படுவதில்லை" என்பது, அதாவது சட்டதிட்டங்களைக் கடைப்பிடிப்பதால் யாரும் கடவுள் முன் நீதிமான் ஆகிவிடுவதில்லை என்பது, பவுல் சொல்ல வரும் பெரிய விஷயம், ஒரு புது விசுவாசிக்கு நிம்மதி தரவேண்டிய விஷயம், அதை அவன் ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து உடைத்துப் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுகிறான். படிப்பு போதவில்லை என்று அவன் தன்னையே குறை சொல்லிக்கொள்வதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். இஞ்சினியரிங் முடித்தவர்களும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

ஆகவே என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓ.வி. கட்டாயம் ஒன்று வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வாசிக்கும்போது கூட வாசிக்க, மனப்பாடம் செய்ய. ஆனால் முதல் வருஷம் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்க அதுவே போதும் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் எளிய தமிழில் ஒன்று இருக்கவேண்டும்.

எளிய தமிழ் என்றால் மூன்று வழி இருக்கிறது. உலக வேதாகம மொழிபெயர்ப்பு மையம் கொண்டுவந்த எளிய நடைப் பதிப்பு ஒன்று. சின்னச் சின்ன வாக்கியம், செய்தித்தாள் படிக்கிறவருக்குத் தடங்கலே இருக்காது. சுவிசேஷங்கள், யோசேப்பு கதை, ரூத், தாவீது கதை எல்லாம் இதில் ஓட்டமாக ஓடும். நிருபங்களில் மட்டும் பல இடங்களில் விளக்கிச் சொல்லிவிடுவதால் பவுலின் வாதம் எங்கே வளைகிறது என்பது கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. வாசிக்கிறவருக்குப் புரிந்துவிட்ட திருப்தி வரும், ஆனால் ஓ.வி.யோடு ஒப்பிட உட்கார்ந்தால் எந்த வரி எதற்குச் சமம் என்று தேடவேண்டியிருக்கும்.

இரண்டாவது ஐ.ஆர்.வி., இந்தியத் திருத்தப் பதிப்பு. இது ஓ.வி.யின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டே சொற்களைப் பிரித்து, பழகிய தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கிறது. சபையில் கேட்டதும் வீட்டில் வாசிப்பதும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வருவதால் புதியவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். பழைய ஏற்பாட்டில் கர்த்தர் என்று பழகிய இடத்தில் யெகோவா என்று வரும், முதலில் சிலர் "இது வேற குரூப் பைபிளா பிரதர்?" என்று பயந்து கேட்பார்கள், இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது 1995-ல் வந்த திருவிவிலியம். கத்தோலிக்கச் சபைக்குப் போகிறவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் உங்கள் பைபிள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், நல்ல தமிழ் பிடிக்கும் என்றால் இதை ஒரு தடவையாவது வாசியுங்கள், "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை" என்று அதே 23-ஆம் சங்கீதம் எவ்வளவு தெளிவாக நிற்கிறது பாருங்கள். சிக்கல் நூல்களின் பெயரில்தான். சங்கீதம் திருப்பாடல்கள் ஆகிவிடும், ஆதியாகமம் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம். பாஸ்டர் "அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரம்" என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தபின்னும் நம்ம ஆள் பொருளடக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இருப்பார், அது திருத்தூதர் பணிகள் என்ற பெயரில் இருக்கும். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல், மற்றதில் 66, அதையும் யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் தோபித்து எங்கே போனது என்று தேடுவார்கள்.

சரி, ஆப்புக்கு வருவோம். யூவெர்ஷன் பைபிள் ஆப் 2008-லிருந்து இருக்கிறது, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருக்கும் லைஃப்.சர்ச் என்ற சபை நடத்துவது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஒரே வசனத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி, மேலே சொன்ன "பக்கத்தில் ஒன்று" பிரச்சினை காசு செலவில்லாமல் தீர்ந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய விஷயம் ஒலி வேதாகமம். லேத் பட்டறைத் தம்பிக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதே சிரமம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது மாற்கு சுவிசேஷத்தைக் கேட்க ஆரம்பித்தான். மாற்கு மொத்தம் 16 அதிகாரம்தான், சீக்கிரமே முழுசாகக் கேட்டுவிடலாம். கதை நிற்கவே நிற்காது, இயேசு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்க்கொண்டே இருப்பார். அவனுக்கு அப்போது வீட்டில் பெரிய சண்டை, அம்மா பேசுவதில்லை, ரூம் எடுத்துத் தனியாகப் போய்விடலாமா என்ற யோசனையில் இருந்தான். ஐந்தாம் அதிகாரத்தில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் சுகமானதும் நானும் உங்களோடேயே வருகிறேன் என்று கெஞ்ச, இயேசு "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ" என்று அனுப்பிவிடுகிற இடம் வருமே, அதைக் கேட்டுவிட்டு வந்து, "கூட வரேன்னு சொன்னவனயே வீட்டுக்குத்தானுங்ணா அனுப்பறாரு" என்றான். நான் பிரசங்கம் பண்ணியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க முடியாது. ரூம் எடுக்கவில்லை. அம்மா இப்போது பேசுகிறார்கள், சபைக்கு வரவில்லை, அது வேறு விஷயம்.

ஆப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, தொடர்ந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்று காட்டும் கணக்கு. பழக்கம் வரவைக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் புது விசுவாசிகளில் சிலர் ஏற்கெனவே ஒரு நாள் தவறினால் கடவுள் கோபப்படுவார் என்ற பயத்தோடுதான் வருகிறார்கள், விரதம், நேர்த்திக்கடன் என்று வளர்ந்த மனசு அப்படித்தான் கணக்குப் போடும், அவர்களிடம் போய் இன்னொரு எண்ணைக் கொடுத்தால் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஆப்பைத் திறந்து ஒரு வசனத்தைப் பார்த்துவிட்டு மூடுவதுதான் நடக்கும். அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால் நாலாம் நாள் விட்ட இடத்திலிருந்து வாசித்தால் போதும்.

அப்புறம் வாக்குத்தத்தப் பெட்டி. இதைப் பற்றி எழுதினால் திட்டு விழும், இருந்தாலும் எழுதுகிறேன். பார்க்க அழகு, வீட்டில் குழந்தைகள் சந்தோஷமாக எடுப்பார்கள், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை, நானும் வாங்குகிறேன், பர்ஸில் வைக்கிறேன். ஆனால் புதிதாக வந்தவருக்கு முதல் பரிசாக இதைக் கொடுக்காதீர்கள். அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருவது அது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்று சொல்கிறது. இன்னும் மேலே போனால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித் திரிந்தவர்களை நம்பாதீர்கள் என்பதும் அதே அதிகாரம்தான். அட்டையில் இது எதற்கும் இடமில்லை. வேலை கிடைக்கும் என்று அந்த அட்டையை வைத்துக் காத்திருந்து, மூன்று மாசத்தில் கிடைக்காமல், கர்த்தர் ஏமாற்றிவிட்டார் என்று சபைக்கு வருவதை நிறுத்தியவரை எனக்குத் தெரியும். அவருக்கு அந்த அதிகாரம் முழுவதையும் யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் காத்திருப்பதைப் பற்றியே வேறு மாதிரி யோசித்திருப்பார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மாற்கு, பிறகு யோவான் 21 அதிகாரம், பிறகு அப்போஸ்தலர். நடுவில் தினம் ஒரு சங்கீதம். பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், சிறையிலிருந்து எழுதியது என்பதை மட்டும் முன்னாடியே தெரிந்துகொண்டு வாசியுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் இப்போதைக்கு வேண்டாம், யூடியூபில் முத்திரை, எக்காளம் என்று படம் போட்டு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வாசிக்கும்போது புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்து, வாரத்தில் ஒரு நாள் மூத்த விசுவாசி ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். பைபிளுக்குக் கொடுக்கிற காசை விட இந்த ஒரு மணி நேரம்தான் கிடைப்பது கஷ்டம், ஆகவே பரிசு கொடுக்கிறவர்கள் முடிந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் புரியும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறவரை விட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியாக, கடைக்குப் போகும்போது. கையடக்க சைஸ் வேண்டாம், அழகாக இருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. இயேசு பேசியது சிவப்பு எழுத்தில் வரும் பதிப்பு புதியவர்களுக்கு உதவியாக இருக்கிறது, யார் பேசுவது என்ற குழப்பம் குறையும். ஓரத்தில் விரல் வெட்டு, அதாவது அந்தந்த நூலை விரல் வைத்துத் திறக்க வெட்டிய பள்ளம், வைத்தது இருந்தால் இன்னும் நல்லது, சபையில் நாகூம் மாதிரி சின்ன நூலைத் தேடி வேர்க்க வேண்டாம். தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து தெரியத்தான் செய்யும், அதற்காக ஜெல் பேனாவால் கோடு போட்டால் அடுத்த பக்கமும் போச்சு, மெழுகு ஹைலைட்டரோ பென்சிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வயசானவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு, கனம் அதிகம்தான், மடியில் தலையணை வைத்து வாசிக்கட்டும். ஜிப் பைபிள்தான் வேண்டும் என்றால் கடையிலேயே நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள், மூலையில் திரும்பும் இடத்தில்தான் முதலில் மாட்டும்.