28 மெகாஹெர்ட்ஸில் கைவிடும் ரிக்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நான் பயன்படுத்தும் ரிக்கின், அதாவது ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவியின், விலை குறைந்திருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், பல நாட்டு நிலையங்களோடு தொடர்பு கொள்ளும் நவம்பர் போட்டிக்கு முன்பாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். அவருடைய கேள்வி வந்த வாரத்தில்தான் என்னுடைய ரிக் பழுது நீக்கும் மையத்திலிருந்து வீடு திரும்பியது. ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மாடலின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று, இந்த விலையில் கிடைக்கும் பல ரிக்குகள் இதே அமைப்பில்தான் வருகின்றன. 100 வாட், நேரடி மாதிரியெடுப்பு ஏற்பி (வரும் சிக்னலை நேரடியாக எண்களாக்கும் ரிசீவர்), வாட்டர்ஃபால் திரை (எந்த அதிர்வெண்ணில் சிக்னல் இருக்கிறது என்பதைப் படமாகக் காட்டுவது), பின்புறம் ஒரு யுஎஸ்பி சாக்கெட் என்று சொன்னாலே எந்த வகை என்பது ஹாம் நண்பர்களுக்கு விளங்கிவிடும். போட்டியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏற்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்; அதைச் சொல்லாமல் குறையில் இறங்குவது நியாயமாகாது. நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் சிக்யூ வேர்ல்ட் வைட் மோர்ஸ் போட்டி, யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி சனிக்கிழமை 0000 மணிக்கு, நம் நேரப்படி காலை 5:30 மணிக்குத் தொடங்குகிறது. 48 மணி நேரம் ஓடி, திங்கட்கிழமை விடிகாலையில் முடிகிறது. அந்த இரண்டு நாள்களில் 14 மெகாஹெர்ட்ஸ் பேண்டின் (அதிர்வெண் தொகுதியின்) கீழ்ப்பகுதியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே சில நூறு ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைப்பதே அரிது. அந்த நெரிசலில், 250 ஹெர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டால் பழைய படிக வடிகட்டிகளில் வரும் இழுபட்ட ஒலி சிறிதும் இல்லாமல், வேண்டிய நிலையம் மட்டும் தனித்துக் கேட்கிறது. நான் முன்பு வைத்திருந்த எந்த ரிக்கிலும் இவ்வளவு தெளிவாக மோர்ஸைக் கேட்டதில்லை. மணிக்கணக்கில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காது களைப்படையாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை, இரண்டாம் இரவைக் கடந்தவர்கள் அறிவார்கள்.

வாட்டர்ஃபால் திரையும் அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. சிக்யூ (யாரும் பதில் தரலாம் என்னும் பொது அழைப்பு) அழைப்பதற்கு வெற்றிடம் தேடும்போது, டயலைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை; எங்கே இடைவெளி இருக்கிறது, அது எத்தனை நொடிகளாக அப்படியே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தியா போட்டிக் கணக்கில் 22ஆம் மண்டலத்தில் இருக்கிறது (அந்தமான் மட்டும் 26ஆம் மண்டலம்). ஒவ்வொரு பேண்டிலும் புதிய மண்டலமும் புதிய நாடும் பெருக்கிகளாக (புள்ளிகளின் கூட்டுத்தொகையைப் பெருக்கும் எண்ணிக்கையாக) கணக்கிடப்படுவதால், ஐரோப்பிய நிலையங்கள் நம்மைத் தேடி வருகின்றன. நமக்கும் வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளிகள் கிடைக்கும். ஆசியாவுக்குள் இருக்கும் வேறு நாட்டுக்கு ஒரே ஒரு புள்ளி. இன்னோர் இந்திய நிலையத்துக்குப் புள்ளியே இல்லை, பெருக்கி மட்டும் உண்டு. ஆக, ஐரோப்பா நன்றாகக் கேட்கும் பிற்பகலும் முன்னிரவும்தான் தென்னிந்தியாவிலிருந்து கலந்துகொள்பவரின் போட்டிக்கு உயிர். அந்த நேரத்தில் 21 மெகாஹெர்ட்ஸில் ஒருமுறை சிக்யூ அழைத்துவிட்டு, பத்துப் பேர் ஒரே சமயத்தில் திரும்ப அழைப்பதைக் கேட்பது இந்தப் பொழுதுபோக்கு தரக்கூடிய மிக உயர்ந்த மகிழ்ச்சி என்று நான் நம்புகிறேன். அந்தக் கூட்டத்தில் ஓர் அழைப்புக் குறியை (ஒரு நிலையத்தின் அடையாளப் பெயரை) பிரித்தெடுக்க இந்த ஏற்பி உதவுவதைப் போல் வேறெதுவும் எனக்கு உதவியதில்லை.

சிறு குறைகள் உண்டு. அவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில், 7.2க்கு மேலே முழங்கும் ஒலிபரப்பு நிலையங்களின் வலிமையால் மாதிரியெடுக்கும் சில்லு திணறி, எச்சரிக்கை விளக்கு எரியும். வெளியே, ஒரு பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் வடிகட்டி போட்டாலும் அவ்வளவு அருகில் இருக்கும் நிலையங்களை அது வெட்டாது. ஆர்எஃப் கெயினை (ஏற்பியின் பெருக்க அளவை) குறைத்தால் சரியாகிவிடுகிறது. மின்விசிறியின் சத்தம் ஹெட்போன் போட்டவருக்குக் கேட்காது. ஆண்டெனாவை ரிக்கோடு பொருத்தும் உள் டியூனர் போதுமானது.

இனி அந்த யுஎஸ்பி.

ரிக்கையும் கணினியையும் இணைக்கும் ஒரே கம்பியில் மூன்று வேலைகள் நடக்கின்றன. அதிர்வெண் என்ன என்பதை லாக் (தொடர்புப் பதிவேடு) மென்பொருளுக்குச் சொல்வது, ஒலியைக் கொண்டுபோவது, மோர்ஸ் சாவியாகவும் டிரான்ஸ்மிட் பொத்தானாகவும் வேலை செய்வது. அமைத்துக்கொள்ள இதைவிட எளிதானது இல்லை. விளம்பரத்திலும் இதைத்தான் சிறப்பாகச் சொல்கிறார்கள். ஆனால் என்னுடைய நிலையத்தில், 28 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் திறனோடு அனுப்பும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கணினி அந்த இணைப்பைக் கைவிடுகிறது. அழைப்பின் நடுவில் இது நேர்ந்தால் சாவி கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே சிக்கிக்கொண்டு, ரிக் தொடர்ந்து கேரியரை (செய்தியற்ற வெறும் அலையை) அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரிக்கின் மெனுவில் உள்ள நேரவரம்பு நிமிடக் கணக்கில்தான் வேலை செய்யும். நான் கையை நீட்டி மின் பொத்தானை அணைக்கும் வரை, அந்த அதிர்வெண்ணில் இருந்த எல்லோருக்கும் என் கேரியர்தான் கேட்கும். அணைத்து, மீண்டும் இயக்கி, மென்பொருளை இணைத்து முடிப்பதற்குள் அந்த இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்தவர் மீது தவறும் இல்லை.

இதைவிடத் தீங்கானது, சத்தமில்லாமல் நடக்கும் துண்டிப்பு. இணைப்பு போனது கண்ணில் படாமல் நான் 28இலிருந்து 21க்கு மாறினால், லாக் இன்னும் 28 என்றே எழுதிக்கொண்டிருக்கும். எதிர்நிலையத்தின் லாக்கில் அந்தத் தொடர்பு 21இல் இருக்கும், என்னுடையதில் 28இல் இருக்கும். இந்தப் போட்டியில் லாக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். எதிர்லாக்கில் இல்லாத தொடர்பு நீக்கப்படுவதோடு தண்டனையாகவும் புள்ளிகள் கழிக்கப்படும். போட்டி முடிந்த ஐந்து நாள்களுக்குள் லாக்கை அனுப்பியாக வேண்டும். அழைப்புக் குறிகளையும் பரிமாற்றங்களையும் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டோ, மின்னஞ்சலில் விசாரித்தோ திருத்தக் கூடாது என்பதும் விதி. அந்த விதிகளை நான் முழுமனதோடு ஏற்கிறேன். காதில் விழுந்ததை அந்த நொடியிலேயே சரியாக எழுதுவதுதான் போட்டி. ஆனால் காது சரியாகக் கேட்டு, கை சரியாக அடித்து, ரிக்கின் கம்பி பேண்டைத் தவறாகச் சொன்னதால் ஒரு தொடர்பு போவதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ரிக்கை வாங்கிய முதல் சில ஆண்டுகளில் நான் இந்தக் குறையைப் பார்க்கவேயில்லை. அதற்குக் காரணம் சூரியன். பெரும்பாலும் சூரியப் புள்ளிகள் பெருகியிருக்கும்போதுதான் 28 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தொலைதூரத்தை எட்டும். 24ஆம் சூரியச் சுழற்சி அடங்கி 25ஆவது தொடங்கியது 2019 டிசம்பரில். அந்தக் காலத்தில் 28 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் ஊமையாகக் கிடந்தது. போட்டி முழுவதும் 14, 7 ஆகிய பேண்டுகளில்தான் கழியும். அங்கே இந்த ரிக் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பிறகு சூரியப் புள்ளிகள் பெருகின. 2024 அக்டோபரில், சூரியன் அதன் உச்சக் காலத்தை எட்டிவிட்டதாக நாசாவும், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் அறிவித்தன. 28 மெகாஹெர்ட்ஸ் திறந்தது, ஐரோப்பா முழுவதும் அங்கே வந்து நின்றது, என்னுடைய ரிக்கும் அங்கேதான் கைவிட்டது. புதிதாக வந்தபோது இதற்குக் கிடைத்த பாராட்டுகள் அனைத்தும் உண்மையானவை. ஆனால் அவற்றுள் பல, ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (திறனை வெப்பமாக்கிவிடும் மின்தடையை) மாட்டிச் சோதித்தவர்களும், 28 மெகாஹெர்ட்ஸ் மூடிக்கிடந்தபோது பயன்படுத்தியவர்களும் எழுதியவை. போட்டி ரிக் ஒன்றைப் பற்றி முழுமையாகப் பேச வேண்டுமானால் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் பாதியையாவது அதனோடு கடந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

காரணம் ஒன்றும் மர்மமானதன்று. ஆண்டெனாவுக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி, ரிக்கையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கம்பியின் வெளியுறை வழியே அறைக்குள் திரும்பி வருகிறது. 28 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர். யுஎஸ்பி கம்பியும், அதோடு சேர்ந்த கணினியும், அதன் சார்ஜர் கம்பியும் அந்த அளவுக்கு எளிதில் வந்துவிடுகின்றன. எனவே மேசைமேல் கிடப்பதே ஓர் ஆண்டெனாவாகிவிடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் பத்து மீட்டரைத் தாண்டுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. மொட்டைமாடியில் நான் கட்டியிருப்பது 20 மீட்டர் நீளமுள்ள, ஒரு முனையில் ஊட்டப்படும் அரை அலைக் கம்பி. 7, 14, 21, 28 ஆகிய நான்கிலும் ஒத்திசைவதால் இடநெருக்கடி உள்ளவர்கள் பலரும் இதையே கட்டுகிறார்கள். உறைமேல் மின்னோட்டம் வருவதற்கு அதிக வாய்ப்புள்ள ஆண்டெனாவும் இதுதான். உயர்ந்த கோபுரத்தில், ஒரே திசையில் குவிக்கும் பீம் ஆண்டெனாவை ஏற்றி, அறையை வெகுதொலைவில் வைத்திருப்பவர் நான் எழுதும் எதையும் அனுபவித்திருக்க மாட்டார். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

செய்யக் கூடியதைச் செய்தேன். கோஆக்ஸ் அறைக்குள் நுழையும் இடத்தில், உறைமேல் வரும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக் போட்டேன். 31 வகை ஃபெர்ரைட் என்னும் காந்தப் பொருளில் செய்த, 2.4 அங்குல விட்டமுள்ள வளையத்தில் யுஎஸ்பி கம்பியைப் பல சுற்றுகள் சுற்றினேன். கம்பிமேல் கவ்விவிடும் சிறிய ஃபெர்ரைட்டுகளை வாங்குவோர் கவனிக்க வேண்டும்: கம்பி ஒருமுறை மட்டும் உள்ளே நுழைந்து போனால் இந்த அதிர்வெண்களில் கிடைக்கும் தடை மிகக் குறைவு, சுற்றுகள் கூடும்போதுதான் அது ஏறத்தாழ சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. எல்லாக் கருவிகளின் உலோக உடல்களையும் அகலமான பின்னல் பட்டையால் ஒன்றோடொன்று பிணைத்தேன். மோர்ஸை மட்டும் தனியே ஒரு வின்கீயர் (மோர்ஸ் குறிகளை உருவாக்கும்) கருவிக்கு மாற்றி, ரிக்கின் சாவித் துளையில் கொடுத்தேன். கேரியர் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதோடு நீங்கியது. துண்டிப்புகள் குறைந்தன. ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. 50 வாட்டுக்குக் குறைத்தால் நிற்கின்றன. பாதித் திறன் என்பது 3 டெசிபல், கேட்பவரின் சிக்னல் வலிமை மீட்டரில் அரை எஸ் புள்ளி, அது சிறியதுதான். ஆயினும் 100 வாட் பிரிவில் போட்டியிடுபவருக்கு அந்த அரைப் புள்ளிதான், இரைச்சலுக்கு மேலே கேட்பதற்கும் கேட்காமல் போவதற்கும் இடையில் நிற்பது.

பழுது நீக்கும் மையத்தில், யுஎஸ்பி இணைப்பைக் கையாளும் இடைமுக மின்சுற்றுப் பலகையைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். டம்மி லோடில் சோதித்து, குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டம்மி லோடில் குறை வராது என்பதை நான் எழுத்து மூலமாகவே முன்னதாகத் தெரிவித்திருந்தேன். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பலகையின்மீது ஒரு மின்தனிமைப்படுத்தும் சில்லும், சாக்கெட்டின் அருகில் ஒரு நல்ல சோக்கும் வைக்க ஆகும் செலவு, ரிக்கின் விலையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று. போட்டிக்கு ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள். அப்படியானால் முழுத் திறனில், வீட்டு மாடியில் கட்டிய கம்பியில், இரண்டு நாள் இடைவிடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்பது அவர்களுடைய கடமை.

நண்பருக்கு என் பதில்: போட்டிக்காக என்றால், இந்தக் குறைந்த விலைக்கும் வாங்க வேண்டாம். தனி சீரியல் போர்ட்டும் தனிச் சாவித் துளையும் கொண்ட பழைய ரிக் ஒன்றை, ஏற்பி சற்று மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்குங்கள். நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. இந்த நவம்பரிலும் இதையே பயன்படுத்துவேன். இந்த ஏற்பியில் கேட்டுப் பழகிய பிறகு வேறொன்றுக்கு மாற என்னால் முடியவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூரியன் இனி மெல்ல அடங்கும். 28 மெகாஹெர்ட்ஸ் மீண்டும் மூடிக்கொள்ளும். அப்போது இதே வகை ரிக்குகள் எந்தக் குறையும் இல்லாதவையாகத் தோன்றும், பழைய பொருளாகவும் ஏராளமாக விற்பனைக்கு வரும். அப்போது வாங்குபவர், 28 மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, தன் வீட்டு ஆண்டெனாவில், தன் கணினியோடு இணைத்து, 100 வாட்டில் அரை மணி நேரம் விட்டுவிட்டு மோர்ஸ் அனுப்பிச் சோதிக்கட்டும். பேண்ட் மூடியிருப்பது இந்தச் சோதனைக்குத் தடையாகாது. அதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.