கிண்டிலா, கோபோவா: வாசிப்பின் தடயம் யாரிடம் தங்குகிறது?

ஆறு ஆண்டுகள் அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் வாசித்த பின், டொராண்டோவில் வசிக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது அவர் மூலமாக வேறொரு நிறுவனத்தின் வாசிப்புக் கருவியான கோபோவை வாங்கி, கடந்த ஓராண்டாக அதிலேயே வாசித்து வருகிறேன். திரையின் தெளிவிலும் மின்கலத்தின் ஆயுளிலும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நான் மாறியதற்குக் காரணம் வேறு. அப்பாவின் நோயைப் பற்றி இரவுகளில் தொடர்ந்து வாசித்த மாதங்களில், எந்த நூலை எப்போது திறந்தேன், எந்த வரியை அடிக்கோடிட்டேன் என்பவையெல்லாம் என் பெயரிலுள்ள ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது மனத்தை உறுத்தியது.

இந்தப் பதிவு ஏதோ கோளாறால் நேர்வதன்று. கருவியில் நிறுத்திய பக்கத்திலிருந்தே கைப்பேசியில் தொடர வேண்டுமானால், அந்தப் பக்கம் எதுவென்று நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) தெரிந்தாக வேண்டும். சந்தா கட்டி நூல்களை வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சேவையில் 2015 ஜூலை முதல் எழுத்தாளருக்கான தொகை வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே பக்கங்களை எண்ணாமல் அந்தச் சேவையை நடத்தவே முடியாது. கோபோவும் இதில் விதிவிலக்கன்று. அதன் சந்தாச் சேவை பக்கங்களுக்குப் பதிலாக வாசித்த நிமிடங்களைக் கணக்கிடுகிறது. கணக்கில் நுழைந்து வைஃபையை இணைத்துவிட்டால், அதுவும் வாசித்த இடத்தைத் தன் வழங்கியுடன் ஒத்திசைக்கும். எனவே கொள்கை அறிக்கைகளை ஒப்பிட்டு ஒன்றை நல்லதென்றும் மற்றதைத் தீயதென்றும் சொல்ல நான் முற்படவில்லை.

என் முடிவைத் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: கணக்கே இல்லாமல், இணையத்தைத் தொடாமல், கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கம்பி வழியாக மட்டுமே இந்தக் கருவியோடு ஆண்டுக்கணக்கில் வாழ முடியுமா?

கோபோவில் முடிகிறது. முதல்முறை இயக்கும்போது வைஃபை இல்லை என்று தெரிவித்துவிட்டு, கருவியைக் கணினியில் செருகினால் அது சாதாரணப் பென் டிரைவைப் போலத் திறந்துகொள்கிறது. அதிலுள்ள மறைந்த கோப்புறைக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பில், கடையில்லாப் பயன்முறையை இயக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்துவிட்டால், கணக்கு கேட்கும் திரையும் கடையின் பரிந்துரைகளும் மறைந்து, நாம் ஏற்றிய நூல்கள் மட்டுமே முகப்பில் நிற்கின்றன. நூல்களை காலிபர் மென்பொருளில் ஒழுங்குபடுத்தி அனுப்புகிறேன். தமிழ் எழுத்துகள் பிசிறின்றித் தெரிவதற்காக கேஓரீடர் என்னும் கட்டற்ற செயலியை நிறுவி, எனக்குப் பிடித்த எழுத்துருவையும் சேர்த்துக்கொண்டேன். அதுவும் வாசிப்புப் புள்ளிவிவரம் சேகரிக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் கோப்பு கருவிக்குள்ளேயே இருக்கிறது, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம்.

கிண்டிலையும் விமானப் பயன்முறையில் வைத்துக் கம்பி வழியாக நூல்களை ஏற்றலாம்; நானும் சில மாதங்கள் அப்படிச் செய்து பார்த்தேன். ஆனால் அதன் கடையில் வாங்கிய பெரும்பாலான நூல்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பியில் மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-இல் அமேசான் நீக்கிவிட்டதால், அத்தகைய நூலை வாங்கிய ஒவ்வொரு முறையும் கருவி இணையத்துக்குச் சென்று வந்தாக வேண்டும். இணைப்பு வழியே போவது தகவல் மட்டுமன்று, நூலே போகலாம் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு: 2009 ஜூலையில், உரிமையற்றவர் விற்ற ஆர்வெல்லின் நாவல்களை, பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது.

கோபோவுக்கு மாறியதில் எனக்கு இழப்பும் உண்டு, அது சிறியதன்று. தமிழ் மின்னூல்கள் கிண்டில் கடையில்தான் பெருகிக் கிடக்கின்றன. அவற்றில் கிண்டில் அன்லிமிடெட்டுக்காகத் பிரத்தியேக விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட நூல்களை, அந்த ஒப்பந்தக் காலத்தில் வேறெங்கும் மின்வடிவில் வெளியிட எழுத்தாளருக்கு அனுமதி இல்லை. அவ்வகை நூலுக்கு அச்சுப்பதிப்பு இருந்தால் வாங்குகிறேன். இல்லையென்றால் விட்டுவிடுகிறேன், வருத்தத்தோடுதான். பழைய இலக்கியங்களுக்கு அவற்றை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டமும், சமகால எழுத்துக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் இபப் (மின்னூல் வடிவ) கோப்புகளும் ஓரளவு கைகொடுக்கின்றன.

மின்னூலகத்திலிருந்து இரவல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2014-இல், அத்தகைய இரவல் நூல்களைத் திறக்கப் பயன்படும் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் 4 மென்பொருள், வாசிப்பு விவரங்களை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக்குதல்) செய்யாமலே நிறுவனத்துக்கு அனுப்பியது வெளிப்பட்டது. மறையாக்கம் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆனாலும் கருவியை எவ்வளவு காத்தாலும் இடைப்பட்ட மென்பொருள் காட்டிக்கொடுக்கலாம் என்பதை நான் அதிலிருந்தே கற்றேன்.

கம்பி வழியில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. கோபோவைத் திருடியவர் கணினியில் செருகினாலே என் நூல்களையும், வாசிப்புக் குறிப்புகள் சேமிக்கப்பட்டுள்ள தரவுத்தளக் கோப்பையும் பார்த்துவிடலாம். அதனால் மிக அந்தரங்கமான நூலை வாசித்து முடித்ததும் அழித்துவிடுகிறேன். பாக்கெட்புக் என்னும் மற்றொரு வாசிப்புக் கருவியும் கணக்கின்றி இயங்குகிறது. நண்பரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்த்த அளவே என் அனுபவம் என்பதால் அதைப் பரிந்துரைக்கத் துணியவில்லை.

கிண்டிலே போதும் என்பவர்கள் ஒத்திசைவையும் பலர் அடிக்கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதியையும் அமைப்புகளில் நிறுத்திவிடலாம். சொந்த ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்பினால் அவை நிறுவனத்தின் மேகக் கிடங்கில் தங்கக்கூடும் என்பதால், அவற்றைக் கம்பியிலேயே ஏற்றுவது நல்லது. கருவியை விற்பதற்கு முன் கணக்கிலிருந்து அதன் பதிவை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டுக் கைமாற்றுங்கள். என் பழைய கிண்டிலை அத்தை மகனிடம் தந்தபோது நானும் அதைத்தான் முதலில் செய்தேன்.