குழாய் வெடித்த பிறகு: சுவருக்குள்ளேயே சீர்செய்வதா, வெளியே புதிதாக இழுப்பதா?

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் பதிந்திருந்த தண்ணீர்க் குழாய் ஒருநாள் இரவில் வெடித்தபோது, மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. உடைந்த இடத்தை மட்டும் கொத்தித் திறந்து ஒட்டுப்போட்டு மூடுவது ஒன்று. பழைய குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு அதே காடியில் புதியதைப் பதிப்பது இன்னொன்று. பழையதைச் சுவருக்குள்ளேயே கைவிட்டு, சுவரின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி புதுக் குழாயை இழுப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியானாலும் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை மாறுவதில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும் முதன்மை வால்வை மூட வேண்டும். ஈரம் பரவிய பகுதியின் மின்சாரத்தையும் வெந்நீர்க் கலத்தின் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாய்த் திருகைத் திறந்துவிட்டால், குழாய்களில் தேங்கிய நீர் சுவரை நனைக்காமல் அதன் வழியே வடிந்துவிடும். வால்வு எங்கே இருக்கிறது என்பதும், அது துருப்பிடித்து இறுகாமல் சுழல்கிறதா என்பதும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செலவிலும் அழகிலும் உள்ள வேறுபாடுகள் வெளிப்படையானவை. ஒட்டுப்போடுவதற்குக் குறைந்த செலவே பிடிக்கும். முழுவதையும் மீண்டும் பதிப்பதற்கு அதிகச் செலவாகும். வெளியே ஓடும் குழாய் பார்வைக்கு எடுப்பாக இராது. என் முடிவைத் தீர்மானித்தவை இவையல்ல. அடுத்த கசிவு வந்தால் அது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க முடியுமா, அங்கே கையும் கருவியும் எட்டுமா என்பதே தீர்மானித்தது.

வெடிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே, குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஓதம் ஏறி, வண்ணப்பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரிந்தது. வெடித்த மறுநாள் பிளம்பர் அந்த இடத்தைத்தான் முதலில் திறந்தார். குழாய் நனைந்திருந்ததே தவிர அங்கே உடைப்பு இல்லை. குழாயின் முதுகைப் பற்றியபடி வழிந்து வந்த நீரின் தடத்தை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டே போனதில், நான்கடி உயரத்தில் இருந்த எல்போவின், அதாவது குழாய் திரும்பும் இடத்தில் பொருத்தும் வளைவுத் துண்டின், மரையில் பிளவு தென்பட்டது. ஆறு ஓடுகள் போயின. ஒரு பகல் முழுவதும் போயிற்று. தண்ணீர் உடைந்த இடத்தில் வெளிப்படுவதில்லை, வழி கிடைத்த இடத்தில் வெளிப்படுகிறது என்பதைச் சுவரைத் திறந்து பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஒட்டுப்போட்டு மூடியிருந்தால் அதே தேடலுக்கு நாங்கள் மீண்டும் தயாராக இருந்திருக்க வேண்டும். எங்கள் பழைய குழாய் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது ஜிஐ. மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது, குழாயின் சுவரும் மெலிந்துவிடுகிறது. ஆகவே துரு முதலில் மரையைத்தான் தின்கிறது. ஓர் எல்போவில் மரை அரித்துப் பிளந்தால், அதே நாளில் பொருத்தப்பட்டு அதே நீரைச் சுமந்த மற்ற எல்போக்களும் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருக்கும். மேலும், சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாயை ரெஞ்ச் போட்டுத் திருகும்போது அந்த முறுக்கு அடுத்த இணைப்பு வரை போகிறது; இங்கே சரிசெய்ததன் விளைவாக அங்கே புதிதாகக் கசியத் தொடங்குவது பிளம்பர்கள் நன்கு அறிந்த தொல்லை. ரப்பர் பட்டையுடன் கூடிய கிளாம்பை மாட்டுவது இரண்டு நாள் சமாளிப்பதற்கு நல்ல உதவி. ஆனால் அதன் மேல் சிமெண்டு பூசி மூடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சிறு கசிவு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் ஆகிறது. வெளியே ஓடும் குழாயில் அது தரையில் ஓர் ஈரத்திட்டாக அன்றே கண்ணில் படும். உள்ளே ஓடும் குழாயில் அவ்வளவு நீரும் செங்கல்லுக்கும் பூச்சுக்கும் மின்கம்பிக் குழல்களுக்கும் போய்ச் சேரும்.

ஒட்டுப்போடுவதே சரியாக இருக்கும் சூழ்நிலை ஒன்று உண்டு. குழாய் வயதாகாத சிபிவிசியாக, அதாவது வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் வகையாக இருந்து, படம் மாட்ட ஆணி அடித்ததாலோ துளைக்கருவி பட்டதாலோ உடைந்திருந்தால், கோளாறு அந்த ஓரிடத்தோடு முடிகிறது. பழுதான துண்டை அறுத்தெடுத்து, இரண்டு கப்ளர்களுடன் (இரு குழாய் முனைகளை இணைக்கும் உறைகள்) புதுத் துண்டைச் சால்வென்ட் பசை கொண்டு ஒட்டினால் போதும். குழாயைச் சற்றே வளைத்துக் கப்ளருக்குள் நுழைக்க இருபுறமும் போதிய நீளத்துக்குச் சுவரைத் திறக்க வேண்டும். திறப்பைச் சுருக்கினால் இணைப்பு கோணலாகிவிடும். முனைகள் முற்றிலும் உலர்ந்திருப்பதும், பசை இறுகும்வரை தண்ணீரைத் திறக்காமல் பொறுப்பதும் கட்டாயம். வால்வு முழுமையாக மூடாமல் நூலிழையாக நீர் வந்துகொண்டிருந்தால் அந்த ஒட்டு நிற்காது.

இரண்டாவது வழியான முழு மறுபதிப்பை, ஓடுகளை எப்படியும் மாற்றப்போகிறவர்களுக்குச் சொல்லலாம். அப்படிச் செய்கிறவர்கள் பூச்சு வேலைக்கு முன் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் குழாயைச் சோதித்து, பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்துக் காடி முழுவதையும் படமெடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டைக் கட்டியபோது யாரேனும் அப்படிப் படமெடுத்திருந்தால், எல்போக்கள் எங்கே என்று தெரிந்து ஆறு ஓடுகளில் குறைந்தது நான்கு தப்பியிருக்கும்.

வெளியே இழுப்பதற்கும் தனிக் கவனம் தேவை. நாங்கள் சிபிவிசி போட்டோம். 93 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் வெந்நீருக்கும் அதுவே பயன்படுகிறது. வெப்பத்தில் அது இரும்பைவிடப் பல மடங்கு நீளும்: மூன்று மீட்டர்க் குழாயின் வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் நீளம் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் கூடும், இரும்பில் அது ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆகவே கிளாம்புகள் குழாயைத் தாங்க வேண்டுமே தவிர நெரிக்கக் கூடாது. அதே சமயம் தளர்வாகவும் விட முடியாது. திருகைச் சட்டென்று மூடும்போது ஓடிவந்த நீர் முட்டி நிற்பதால் எழும் அதிர்வில், பிடிமானமற்ற குழாய் சுவரில் மோதி ஓசையிடும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பின்பக்கத்தையும் துடைத்துப் பார்க்கலாம். குளியலறை, சமையலறை, சலவை எந்திரம் ஒவ்வொன்றின் கிளைக்கும் தனித்தனியே ஒரு பால் வால்வு (ball valve; பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடுவது) வைத்தோம். செய்தவற்றுள் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஓரிடத்தில் பழுது என்றால் வீடு முழுவதும் தண்ணீரின்றித் தவிக்க வேண்டியதில்லை.

வெயில் நேரடியாகப் படும் இடத்தில் இவ்வகைக் குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அங்கே நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூச வேண்டும், எண்ணெய் வண்ணம் ஆகாது. உறைபனி விழும் ஊர்களில் வீட்டின் வெளிச்சுவரில் குழாய் இழுப்பதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீர் பனிக்கட்டியாகும்போது கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்பதால், அங்கே கதகதப்பான அறைக்குள் இழுப்பதே பொருந்தும். நான் அத்தகைய குளிரில் வாழ்ந்ததில்லை. எனவே என் அனுபவத்தை அங்கே அப்படியே கொண்டுபோக வேண்டாம். மூன்றாண்டு என்பதும் ஒரு குழாயின் ஆயுளில் குறுகிய காலமே.

ஆயினும் இந்த மூன்றாண்டில் ஒரு கசிவு வந்தது. வெந்நீர்க் கலத்துக்குப் போகும் பித்தளை மரை இணைப்பின் கீழே, நகத்தால் கீறியது போல வெள்ளை உப்புக்கோடு ஒன்று இறங்கியிருந்ததை என் மனைவி துணி காயப்போடும்போது கவனித்தாள். கலத்தின் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறும்வரை பொறுத்து, அந்தக் கிளையின் வால்வை மூடி இணைப்பைக் கழற்றி, பழைய டெஃப்லான் டேப்பை உரித்துப் புதியதைச் சுற்றி மீண்டும் முடுக்கினேன். மரையில் தடவும் எண்ணெய்ப் பசை சிபிவிசியில் விரிசல் உண்டாக்கக்கூடும் என்பதால் அதைத் தொடவில்லை. அளவுக்கு மீறி இறுக்கவும் இல்லை. பிளம்பரை அழைக்கவில்லை, உளியை எடுக்கவில்லை. மறுநாள் காலை அந்த இணைப்பின் அடியில் காகிதத் துண்டு ஒன்றை ஒற்றிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.