‘யார் கட்டியது?’ என்று கேட்டேன்: கே.எல். ஹோட்டலில் இங்கிலாந்து வீட்டு விற்பனை

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் ஒரு ஹோட்டலில் நடந்த இங்கிலாந்து வீட்டு விற்பனைக்குப் போய் வந்தேன். நடத்திய ஏஜென்சியின் பெயர் வேண்டாம். பிள்ளைகள் அங்கே வேலை பார்க்க, வாடகைப் பணத்தை ஒரு வீட்டிலேயே போடலாமே என்று நினைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

காப்பி, கறிபாப் எல்லாம் நன்றாக இருந்தன. என்னிடம் பேசியவர் தமிழ்த் தம்பி, மரியாதையானவர். இங்கிலாந்தில் வசிக்காதவர் வாங்கினால் முத்திரை வரி 2 விழுக்காடு கூடும் என்பதை நான் கேட்காமலேயே சொன்னார். மான்செஸ்டரில் ஒரு ஃப்ளாட்டைக் காட்டினார். கட்டிப் பத்து வருடம், வாடகைக்கு ஆள் இருக்கிறது, லீஸ்ஹோல்டு. அதாவது நிலம் வேறொருவருடையது, வீடு நீண்ட காலக் குத்தகையில் கிடைக்கும்; நிலத்துக்குக் கட்டும் வாடகைதான் கிரவுண்ட் ரெண்ட்.

“யார் கட்டியது? கிரவுண்ட் ரெண்ட் எவ்வளவு?” என்று கேட்டேன்.

“பெரிய கம்பெனிதான் அங்கிள். ரெண்ட் ஏதோ சின்னத் தொகை.”

முப்பது வருடம் வங்கியில் வீட்டுக்கடன் பத்திரங்களைப் படித்தவன் நான். இந்தப் பதில் எனக்குப் போதாது. இங்கே மலேசியாவில் நிலவரி மாநில அரசுக்குப் போகிறது. அங்கே கிரவுண்ட் ரெண்ட் பெரும்பாலும் ஒரு தனியார் நிலச் சொந்தக்காரருக்குப் போகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று பத்திரத்தில் இருந்தால், 250 பவுண்ட் ஐம்பது வருடத்தில் 8,000 ஆகிவிடும். கிரவுண்ட் ரெண்டுக்குத் தடை போட்டு 2022இல் வந்த சட்டம் புதிய லீஸ்களுக்கு மட்டும்தான். இப்படி இரட்டிப்பாகும்படி எழுதிய பழைய ஒப்பந்தங்களைச் சரிசெய்ய டெய்லர் விம்பி என்ற வீடு கட்டும் நிறுவனம் 2017இல் 130 மில்லியன் பவுண்ட் ஒதுக்கியது.

அந்தப் பெயர் எனக்குக் கவென்ட்ரியில் அறிமுகம். தாதியாக இருக்கும் மகளின் வாடகை வீட்டில் இரண்டு மாதம் தங்கினேன். மணலே சேர்க்காத கான்கிரீட்டை அச்சில் ஊற்றி எழுப்பிய சுவர்கள். அக்கம்பக்கத்தார் இன்றும் அதை ‘விம்பி வீடு’ என்கிறார்கள். ஆசையாகத் தேடிப் படித்தேன். விம்பி நிறுவனம், ஜார்ஜ் விம்பி 1880இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் கல்வேலைத் தொழிலாகத் தொடங்கியது. 1919இல் காட்ஃபிரி மிட்செல் அதை 3,000 பவுண்டுக்கு வாங்கினார். ஃபிராங்க் டெய்லர் 1921இல் பிளாக்பூலில் வீடு கட்டியபோது அவருக்கு வயது 16. சட்டப்படி கம்பெனி நடத்த வயது போதாததால் மாமா ஜாக் உட்ரோவைச் சேர்த்துக்கொண்டார், டெய்லர் உட்ரோ பிறந்தது. இந்த இரண்டும் 2007இல் ஒன்றாகி டெய்லர் விம்பி ஆயின. 1958இல் நியூகாசிலில் தொடங்கிய பாரட் என்ற வீடு கட்டும் நிறுவனம், 2024இல் ரெட்ரோ என்ற இன்னொரு நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. கட்டும்போது பலகையில் இருந்த பெயர் வேறு, இன்று பொறுப்பேற்கும் பெயர் வேறாக இருக்கலாம்.

இது வெறும் பழங்கதை இல்லை. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு, 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த தங்கள் கட்டடங்களில் உயிருக்கு ஆபத்தான தீப்பாதுகாப்புக் குறைகளைச் சொந்தச் செலவில் சரிசெய்வதாகப் பெரிய நிறுவனங்கள் அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கட்டியவர் யாரென்று தெரியாமல், அந்தச் செலவை யார் ஏற்பார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கமான பத்து வருடக் கட்டட உத்தரவாதமும் இந்த ஃப்ளாட்டுக்கு முடிந்திருக்கும். அதையும் தம்பி சொல்லவில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். முன்பணம் கட்டவில்லை. லீஸ் பத்திரத்தின் நகலைக் கேட்டு இரண்டு முறை வாட்ஸ்அப் அனுப்பினேன், இன்னும் வரவில்லை. தம்பி, இதைப் படித்தால் அனுப்புங்கள். மகளுக்கு ஒரு வீடு வாங்கும் எண்ணம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.