பகுதிப் பொதுப்பணிச் சேவை: அறிவிப்பு நன்று, புகாரை முடிக்கும் முறை நன்றன்று

சாலை, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றைக் கவனிக்கும் உள்ளாட்சிப் பொதுப்பணித் துறைகள் பலவும் இப்போது ஏறக்குறைய ஒரே அமைப்பிலான சேவையைத் தருகின்றன: புகார் பதிவு செய்ய ஒரு செயலி, அதற்குத் துணையாக ஒரு தொலைபேசி எண், நடக்கவிருக்கும் பணிகளைப் பற்றி முன்கூட்டியே வரும் அறிவிப்பு. நான் பயன்படுத்திவரும் சேவையிலும் இந்த மூன்றும் உண்டு. அறிவிப்புகள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருக்கின்றன. புகார் பதிவிலும் பெரிய சிரமம் இல்லை. ஆனால் பதிவான புகாரை யார், எதை வைத்து முடித்துவைக்கிறார்கள் என்ற இடத்தில் சேவை தடுமாறுகிறது.

முதலில் அறிவிப்பு. ‘பராமரிப்புப் பணி காரணமாகக் குடிநீர் வழங்கல் பாதிக்கப்படலாம்’ என்ற ஒற்றை வரியோடு முன்பெல்லாம் கடமை முடிந்துவிடும். இப்போது எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, வாகனங்கள் எந்த வழியாகச் செல்லலாம் என்பவை தனித்தனியாகக் குறிப்பிடப்படுகின்றன. குழாய்ப் பணி முடிந்த பின் செய்ய வேண்டியதையும் சொல்லியிருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீரோட்டம் நின்று மீண்டும் வேகமாகத் தொடங்கும்போது குழாயின் உட்புறத்தில் படிந்திருந்த துருவும் வண்டலும் கிளம்பித் தண்ணீர் பழுப்பாக வரும். தெளியும் வரை குளிர்நீர்க் குழாயை மட்டும் திறந்துவிட வேண்டும், அதுவரை வெள்ளைத் துணிகளைத் துவைக்க வேண்டாம் என்று அறிவிப்பிலேயே இருந்ததால், வீட்டுக்கு வீடு பதறித் தொலைபேசியில் கேட்கும் நிலை வரவில்லை. நடைபாதைக்குக் கான்கிரீட் போட்டபோதும் அப்படித்தான். மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை, சிமெண்ட் நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது, அதன் வலிமை வழக்கமாக 28 நாள் கணக்கில்தான் அளக்கப்படுகிறது என்று விளக்கி, தடுப்பை ஏன் உடனே எடுக்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்லியிருந்தார்கள். (அதற்குப் பிறகும் தடுப்பைத் தாண்டி நடந்தவர்கள் உண்டு, அதற்குத் துறை பொறுப்பாகாது.) குறை ஒன்றுதான்: பணி தள்ளிப்போனால் திருத்திய அறிவிப்பு வருவதில்லை, பழைய தேதியே செயலியில் நிற்கிறது.

புகார் பதிவுக்கு வருவோம். படம் எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து, வகையைத் தேர்ந்தெடுத்தால் புகார் எண் குறுஞ்செய்தியில் வந்துவிடுகிறது. ஆனால் கைப்பேசி காட்டும் இடத்தை அப்படியே நம்பக் கூடாது. திறந்தவெளியிலேயே அதன் துல்லியம் சுமார் 5 மீட்டர்தான். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் குறையும். தெருவிளக்குப் புகாரில், எதிர்ப்புறக் கம்பத்தைப் பார்த்துவிட்டு ‘விளக்கு எரிகிறது’ என்று ஊழியர் திரும்பிப் போவதற்கு அந்த 5 மீட்டர் போதும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிட்டால் இந்தக் குழப்பமே இராது. அதற்கான கட்டமும் படிவத்தில் இருக்கிறது. ஆனால் கட்டாயமில்லாத விவரங்களுள் ஒன்றாகக் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கிறது.

வகைப் பட்டியல்தான் இன்னும் பெரிய தொல்லை. அது குடியிருப்பவரின் கண்ணில் படும் பிரச்சினைகளின்படி அமையாமல், அலுவலகப் பிரிவுகளின்படி அமைந்திருக்கிறது. தெருவில் தண்ணீர் தேங்கினால் அது சாலைச் சரிவின் கோளாறா, மழைநீர் வடிகால் அடைப்பா, கழிவுநீர்க் குழாய்க் கசிவா என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு புகார்தாரர் தலையில் விழுகிறது. தவறான பிரிவைத் தொட்டால் ‘இப்பிரிவுக்கு உரியதன்று’ என்ற குறிப்போடு புகார் முடிந்துவிடும். உரிய பிரிவுக்கு அது தானாகப் போவதில்லை. அமெரிக்காவில் 311 என்ற எண் 1996-இல் பால்டிமோரில் தொடங்கப்பட்டபோது, அவசர எண்ணான 911-இன் சுமையைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. 2003-இல் நியூயார்க் அதை எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரே வாசலாக ஆக்கியது. எந்தத் துறை என்று தெரியாதவரும் தயங்காமல் அழைக்க முடிவதுதான் அந்த ஏற்பாட்டின் பயன். நான் பயன்படுத்தும் சேவையிலும் வாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் எந்தக் கதவு என்று நம்மையே கேட்கிறது.

இனி, முடித்துவைக்கும் முறை. சாலைப் பள்ளம் ஒன்றைப் பற்றிப் பதிவு செய்திருந்தேன். சில நாள்களில் ‘தீர்வு காணப்பட்டது’ என்ற செய்தியும் புதுத் தார் பளபளக்கும் ஒரு படமும் வந்தன. பள்ளத்தில் நின்ற தண்ணீரை இறைக்காமலே கலவையைக் கொட்டி, லாரிச் சக்கரத்தால் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். முறைப்படி ஒட்டுப்போடுவதென்றால், சிதைந்த ஓரங்களை உறுதியான பகுதி வரை செங்குத்தாக வெட்டி, ஈரத்தையும் தளர்ந்த ஜல்லியையும் அகற்றி, பிடிமானத்துக்கு மெல்லிய தார்ப்பூச்சு கொடுத்து, சூடான கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். இவற்றைத் தவிர்த்தால் பழைய தளத்துக்கும் ஒட்டுக்கும் இடையே தண்ணீர் இறங்கி, வாகனங்களின் அழுத்தத்தில் ஒட்டு பெயர்ந்துவிடும். பெயர்ந்தது. முடிந்த புகாரை மீண்டும் திறக்க வழியில்லாததால் புதிய எண்ணில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதுவும் அதே முறையில் முடிக்கப்பட்டது. ஆக, ஒரே பள்ளம் பதிவேட்டில் இரண்டு தீர்வுகளாகப் பதிவாகியிருக்கிறது. வேலை எவ்வளவுக்கெவ்வளவு மோசமாக நடக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு தீர்வுக் கணக்கு உயர்வதற்கு இந்த ஏற்பாடு இடம் கொடுக்கிறது. ஒட்டுப்போட்ட ஊழியர்களைவிட, வேலை முடிந்த அன்றே எடுத்த படத்தைச் சான்றாக ஏற்கும் விதியையே நான் குறை சொல்வேன்.

பிரிட்டனில் மைசொசைட்டி அமைப்பு 2007-இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் சேவை இதை வேறு விதமாகக் கையாளுகிறது. அங்கே புகார்கள் வரைபடத்தில் எல்லோரும் காணும்படி இருக்கும். விரும்பினால் பெயரை மறைத்துக்கொள்ளலாம். நான்கு வாரம் கழித்துப் புகார்தாரருக்கே மின்னஞ்சல் அனுப்பி, பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்பார்கள். இந்த நான்கு வார இடைவெளி மட்டும் இங்கே இருந்திருந்தால் அந்த ஒட்டின் தரம் வெளிப்பட்டிருக்கும். இங்கே அவரவர் புகார் அவரவருக்கு மட்டுமே தெரிகிறது. அதனால் ஒரே விளக்குக்குப் பலர் பதிவு செய்வதும் நடக்கிறது, யாராவது செய்திருப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுவதும் நடக்கிறது.

தொலைபேசிச் சேவை சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கிறது. எடுப்பவர் அருகிலுள்ள அடையாளத்தைக் கேட்கிறார், போக்குவரத்துக்கு இடையூறு உண்டா என்று கேட்கிறார், பிரிவை அவரே தீர்மானிக்கிறார். திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை, அறுந்து விழுந்த மின்கம்பி போன்றவற்றுக்குச் செயலியைத் தொடவே வேண்டாம். ‘அவசரமெனில் அழைக்கவும்’ என்ற வரியைப் படிவம் முழுவதையும் நிரப்பிய பிறகுதான் அது காட்டுகிறது. மற்றப் புகார்களுக்குச் செயலியைப் பயன்படுத்துவோர், தீர்வுச் செய்தி வந்த சில வாரங்களுக்குப் பிறகு அதே இடத்தை அதே கோணத்தில் படமெடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகாரோடு இணைப்பது நல்லது. இரண்டும் ஒரே பள்ளம் என்பதை இப்போதைக்கு அப்படித்தான் பதிவேட்டில் ஏற்ற முடிகிறது.